கையேடு எழுதும் கரங்கள்

எந்தப் பொருளாயினும், அதனைக் கையாளும் முறை அறியாதவர் வீட்டில் அஃது இருந்தும் இல்லாததற்கே ஒப்பாகும். விலையுயர்ந்த தையல் மெஷின் ஒன்றை வாங்கி வந்து கூடத்தில் வைத்துவிடலாம். மேல் நூலை எந்தக் கொக்கியின் வழியே கொண்டு வருவது, பாபினை எந்தப் பக்கமாகப் பொருத்துவது என்று சொல்லித் தருவார் இல்லையேல், அடுத்த பெருநாளைக்கும் துணி தையற்காரர் கடைக்கே போகும். மெஷினைச் செய்தவரின் திறமையில் குறை ஏதுமில்லை. அத்திறமை நம் கைக்கு வந்து சேர ஒரு வழிகாட்டி தேவைப்படுகிறது.

கணிப்பொறியில் இயங்கும் மென்பொருள்களின் நிலையும் இதுவேயாகும். ஆற்றல் மிக்க பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து ஒரு மென்பொருளை உருவாக்கி, விலை எதுவும் கேளாமல் உலகிற்கே கொடுத்து விடுகிறார்கள். ஆயினும், அதனை எவ்வாறு நிறுவுவது, எவ்வாறு இயக்குவது, தவறு நேர்ந்தால் என்ன செய்வது என்பவற்றை விளக்கும் கையேடு செம்மையாக இல்லையெனில், அந்தக் கொடை பெறுவோர் கைக்கு எட்டாமலே போய்விடுகிறது.

பட்டப் படிப்பை முடித்துவிட்டு வீட்டுப் பொறுப்புகளை ஏற்றிருக்கும் சகோதரியர் பலர் மனத்தில் ஒரு வினா உண்டு. "ஆங்கிலம் ஓரளவு தெரியும், தமிழ் நன்றாக எழுத வரும், ஆனால் புரோகிராம் எழுதத் தெரியாது. மென்பொருள் உலகில் எங்களுக்கும் ஏதேனும் பணி உண்டா?" என்பதே அவ்வினா. உண்டு என்பதே விடை. அதிலும், அத்துறையில் வல்லுநராக இல்லாதவரே செம்மையாகச் செய்யக்கூடிய பணி ஒன்று அங்கே ஆளின்றிக் கிடக்கிறது. அதுவே கையேட்டுப் பணியாகும். அதனை இம்மாதம் விரிவாகக் காண்போம்.

எவர்க்கும் உரிய மென்பொருள்

விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் பலவற்றின் உள்ளே பொறியாளர் என்ன எழுதியிருக்கிறார் என்பது நமக்குக் காட்டப்படுவதில்லை. அந்த உள்ளெழுத்திற்கு மூல நிரல் என்று பெயர். இதனை மூடி வைக்கலாகாது என்னும் கருத்துடைய ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர், 1983ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 'க்னூ' என்னும் திட்டத்தை அறிவித்தார். எவரும் இயக்கலாம், மூல நிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம் என்னும் உரிமைகளோடு கூடிய மென்பொருள்களை உருவாக்குவதே அதன் நோக்கமாகும்.

1991ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஃபின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், தமது 21ஆம் வயதில், தாம் எழுதி வந்த இயக்க மென்பொருள் ஒன்றைப் பற்றி உலகிற்கு அறிவித்தார். அதுவே பின்னர் 'லினக்ஸ்' என்று பெயர் பெற்றது. இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடித்தளமாக இருப்பது லினக்ஸின் உட்கருவே. உலகின் அதிவேகக் கணிப்பொறிகள் 500இன் பட்டியலில் 2017 நவம்பர் முதல் இடம்பெற்று வருபவை அனைத்தும் லினக்ஸிலேயே இயங்குகின்றன. 1998ஆம் ஆண்டில் இவ்வகை மென்பொருள்களுக்கு 'ஓப்பன் சோர்ஸ்' என்னும் பெயரும் வழக்கிற்கு வந்தது. தமிழில் இவற்றைக் கட்டற்ற மென்பொருள் என்றும், திறமூல மென்பொருள் என்றும் வழங்குகிறோம்.

மென்பொருள் எவர்க்கும் உரியதாக இருந்தால் மட்டும் போதாது. அதன் கையேடும் அவ்வாறே இருத்தல் வேண்டும் என்று ஸ்டால்மன் வலியுறுத்தினார். இதற்குக் காரணம் எளிது. ஒருவர் மென்பொருளைத் திருத்தி அமைக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். கையேட்டைத் திருத்த அவருக்கு உரிமை இல்லையென்றால், அன்று முதல் அக்கையேடு பொய் சொல்லத் தொடங்கிவிடும். ஆகவே, அவர் நிறுவிய அமைப்பு கையேடுகளுக்கென்றே தனியான உரிமம் ஒன்றை 2000ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளியிட்டது.

குறையைத் தானே சொன்ன கையேடு

கையேட்டுப் பணியின் வரலாறு இதற்கும் முந்தியதாகும். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிச்சி ஆகிய இருவரும் 'யூனிக்ஸ்' என்னும் இயக்க மென்பொருளை உருவாக்கி வந்தனர். அதன் முதற் கையேடு 1971ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாளைத் தாங்கி வெளிவந்தது. லினக்ஸில் இன்றும் நாம் காணும் கையேட்டுப் பக்கங்களின் அமைப்பு அதிலிருந்தே தோன்றியது.

ஒவ்வொரு கட்டளைக்கும் அதில் தனிப் பக்கம் இருந்தது. முதலில் பெயர், அடுத்து, அதனை எழுதும் முறை, அதன்பின் விளக்கம், தொடர்புடைய பிற பக்கங்கள் எவை என்னும் குறிப்பு. இவற்றோடு 'பிழைகள்' என்று ஒரு தலைப்பும், அக்கட்டளைக்குப் பொறுப்பானவர் யார் என்று ஒரு தலைப்பும் இருந்தன. தம் கைவேலையில் என்னென்ன குறைகள் உள்ளன என்பதைத் தாமே அச்சிட்டு, 'இதற்குப் பொறுப்பு இவர்' என்று பெயரையும் சேர்த்துக் கொடுத்த அந்த நேர்மை நம் கவனத்திற்குரியது. விற்பனைப் பொருளொன்றின் உறையில் இத்தகைய தலைப்பை நாம் கண்டதுண்டா?

அந்தக் குழுவின் தலைவராக இருந்த டக் மெக்கில்ராய், கையேட்டின் தரத்தில் மிகவும் கண்டிப்பானவர். கையேடு எழுதும் வேலை மென்பொருளையே சீராக்கியது என்பதை அவர் பதிவு செய்திருக்கிறார். ஒரு கட்டளையை விளக்க முற்படும்போது, 'இதைச் செய்தால் இப்படி நடக்கும். ஆனால் அந்த இடத்தில் மட்டும் வேறு மாதிரி நடக்கும்' என்று எழுத நேர்கிறது. எழுதும்போதே எழுதுபவருக்குக் கூச்சமாக இருக்கிறது. விளக்கத்தை நீட்டுவதை விடக் கட்டளையைத் திருத்திவிடுவது எளிது என்று தோன்றுகிறது. இவ்வாறு கையேடு, மென்பொருளைச் சோதிக்கும் உரைகல்லாகவும் அமைந்தது.

தோள் மாறிவரும் சுமை

லினக்ஸ் உட்கருவிற்கும், அதனோடு இணைந்த அடிப்படைப் பணிகளுக்கும் உரிய கையேட்டுப் பக்கங்கள் ஏறத்தாழ ஆயிரம் உண்டு. உலகெங்கும் புரோகிராம் எழுதுவோர் நாள்தோறும் இவற்றையே திறந்து பார்க்கின்றனர். இந்தப் பக்கங்களைப் பேணும் பொறுப்பு ஒருவர் தோளிலிருந்து மற்றொருவர் தோளுக்கு மாறி வந்துள்ளது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரிக் ஃபெய்த். 1995 முதல் 2004 வரை நெதர்லாந்தைச் சேர்ந்த ஆந்திரீஸ் பிரௌவர். 2004 முதல் 2021 வரை நியூசிலாந்தில் பிறந்து ஜெர்மனியின் மூனிச் நகரில் வாழும் மைக்கேல் கெரிஸ்க். அதன்பின் அலெகாந்த்ரோ கொலொமார்.

கெரிஸ்க் ஒரு வழக்கத்தைக் கொண்டிருந்தார். ஒரு வசதியைப் பற்றி எழுதுமுன், அது சொன்னபடி செயற்படுகிறதா என்று சிறு சிறு நிரல்களை எழுதித் தாமே சோதித்துப் பார்ப்பார். அவ்வாறு பார்த்தபோது, உட்கருவை எழுதிய வல்லுநர்களின் கண்ணுக்கே தப்பிய பிழைகள் வெளிப்பட்டன. ஒரு கோப்பு எப்போது திறக்கப்பட்டது, எப்போது மாற்றப்பட்டது என்னும் நேரக் குறிப்பை மாற்றியமைக்கும் வசதியொன்றில் இருந்த பிழைகள் இவ்விதமாகவே தெரிய வந்து, 2008ஆம் ஆண்டு வெளியான 2.6.26 என்னும் பதிப்பில் திருத்தப்பட்டன. கையேடு எழுதுவோர் பிறர் செய்ததை வெறுமனே படியெடுப்பவர் என்று எண்ணுவோர் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

இத்துணைப் பயன் மிக்க பணிக்கும் நெருக்கடி வந்தது. உலகின் பெரும் நிறுவனங்கள் யாவும் லினக்ஸைப் பயன்படுத்திப் பொருளீட்டுகின்றன. ஆயினும் 2024ஆம் ஆண்டு செப்டம்பரில், கையேட்டுப் பக்கங்களைப் பேணி வந்தவர், ஊதியமின்றி இப்பணியைத் தொடர இயலவில்லை என்று கூறி அதனை நிறுத்தி வைப்பதாக அறிவிக்க நேர்ந்தது. அதன் பின்னரே சில நிறுவனங்கள் நிதியளிக்க முன்வந்தன, பணியும் தொடர்ந்தது. ஊரார் அனைவரும் நீர் இறைக்கும் கிணற்றுக்குக் கயிறு வாங்கித் தர ஒருவரும் இல்லாதிருந்த கதைதான் இது. கயிறு அறுந்த அன்றுதான் கிணறு நினைவிற்கு வந்தது.

வல்லுநருக்குத் தெரியாத ஒன்று

கையேடுகள் ஏன் குறைபாடுடன் இருக்கின்றன? 2017ஆம் ஆண்டு கிட்ஹப் நிறுவனம், திறமூலப் பணிகளில் ஈடுபட்டோரிடையே ஓர் ஆய்வு நடத்தியது. கையேடுகள் அரைகுறையாகவோ பழமைப்பட்டோ இருப்பதைத் தாம் கண்டதாக அதில் 93 விழுக்காட்டினர் கூறினர். அதே ஆய்வில், பங்களிப்போருள் 60 விழுக்காட்டினர், கையேட்டுப் பணியில் தாம் பங்கு பெறுவது அரிது அல்லது அறவே இல்லை என்று ஒப்புக்கொண்டனர். குறையைக் காணாதவர் இல்லை. குறையைக் களைய வருவோர் குறைவு.

சோம்பல் மட்டுமே இதற்குக் காரணமன்று. மென்பொருளை உருவாக்கியவருக்கு அதன் சந்து பொந்துகள் யாவும் மனப்பாடம். எந்த இடத்தில் புதியவர் தடுமாறுவார் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. முப்பது ஆண்டுகள் சமைத்த உம்மாவிடம், குழம்பிற்கு எவ்வளவு உப்பு என்று கேட்டால், "பார்த்துப் போடு மகளே" என்பார்கள். அவர்களுக்குக் கை அளவு தெரியும். அந்த அளவை வாயாற் சொல்லத் தெரியாது. சென்ற வாரம்தான் முதன்முதலாகக் குழம்பு வைத்துக் கற்றுக்கொண்ட மகளோ, "முதலில் ஒரு தேக்கரண்டி போடுங்கள், கொதித்தபின் சுவைத்துப் பார்த்துக் கொள்ளுங்கள்" என்று தெளிவாகச் சொல்வாள். கற்ற காலத்தின் தடுமாற்றம் அவள் நினைவில் இன்னும் பசுமையாக இருப்பதே அதற்குக் காரணம்.

புதியவரின் இந்த நினைவு நெடுநாள் நிற்பதில்லை. ஒரு மென்பொருளை முதன்முறையாக நிறுவும்போது நாம் ஐந்து இடங்களில் தடுமாறுகிறோம். மூன்று மாதம் பழகிய பின், அந்த ஐந்தும் நமக்கே மறந்துவிடுகின்றன. 'இது யாருக்குத்தான் தெரியாது' என்று நாமும் எண்ணத் தொடங்கிவிடுகிறோம். ஆகையால், அறியாமை நீங்கிய அந்தச் சில வாரங்களே கையேடு எழுதுவதற்கு மிகவும் ஏற்ற காலமாகும். தாமதித்தால் அந்த அறிவு வீணாகிவிடும்; அடுத்து வருபவரும் அதே இடத்தில் விழுவார்.

நான்கு வகை எழுத்து

கையேட்டு எழுத்து முழுவதும் ஒரே தன்மையுடையதன்று. டேனியல் ப்ரோசிடா என்னும் அறிஞர் இதனை நான்காகப் பகுத்துள்ளார். இப்பகுப்பு இன்று பல திட்டங்களில் பின்பற்றப்படுகிறது. தையற் கலையைக் கொண்டு இதனை விளங்கிக் கொள்ளலாம்.

முதலாவது, பாடம். மெஷினையே தொடாத பெண்ணை அருகில் அமர்த்தி, பழைய துணியில் நேர்க்கோடாக ஒரு தையல் போட வைப்பது போன்றது இது. இங்கே காரண காரியங்களை அடுக்கலாகாது. சொன்னபடி செய்தால் வெற்றி கிட்டும் என்னும் நம்பிக்கையை ஊட்டுவதே நோக்கம்.

இரண்டாவது, செய்முறை. ஓரளவு தைக்கத் தெரிந்தவர், "புர்காவின் முன்புறம் ஜிப் வைப்பது எப்படி?" என்று கேட்கிறார். அவருக்கு அந்த ஒரு வேலைக்குரிய படிகள் மட்டும் போதும். மெஷினின் வரலாறு தேவையில்லை.

மூன்றாவது, குறிப்பு. எந்தத் துணிக்கு எந்த எண் ஊசி, எந்த வயதிற்கு எத்தனை அங்குலம் என்னும் பட்டியல் இது. இதனை யாரும் தொடர்ந்து வாசிப்பதில்லை. தேவையானபோது புரட்டிப் பார்க்கின்றனர். ஆகவே இங்கே பிழையின்மையும் முழுமையுமே முதன்மையானவை. லினக்ஸின் கையேட்டுப் பக்கங்கள் பெரும்பாலும் இவ்வகையைச் சார்ந்தவை.

நான்காவது, விளக்கம். துணியைக் குறுக்காக வெட்டினால் அஃது ஏன் இழுபடுகிறது என்று சாவகாசமாக எடுத்துச் சொல்வது. அடுப்படி வேலை முடிந்து அமர்ந்து படிக்கத் தக்கது.

இந்த நான்கையும் ஒரே பக்கத்தில் கலந்துவிடுவதாலேயே பல கையேடுகள் பயனற்றுப் போகின்றன. முதற்பாடம் கற்க வந்தவர்முன் ஊசி எண்களின் பட்டியலை விரித்து வைத்தால், அவர் மெஷினை மூடிவிட்டு எழுந்துவிடுவார். எழுதத் தொடங்குமுன், 'இதனைப் படிக்கப் போகிறவர் யார்? அவர் இப்போது கற்க வந்திருக்கிறாரா, ஒரு வேலையை முடிக்க வந்திருக்கிறாரா?' என்று நம்மை நாமே கேட்டுக் கொள்வது நலம்.

தொடங்கும் வழி

இனி, இப்பணியில் இறங்க விரும்புவோர் செய்ய வேண்டியவற்றைக் காண்போம்.

முதலில், நீங்கள் உண்மையாகவே பயன்படுத்தும் மென்பொருள் ஒன்றைத் தேர்ந்து கொள்ளுங்கள். கடிதம் தட்டச்சு செய்யவும், வரவு செலவுக் கணக்கு வைக்கவும் பயன்படும் லிப்ரே ஆபீஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். 2010ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இத்திட்டத்தின் கையேடுகளைப் பல நாடுகளைச் சேர்ந்த தொண்டர்கள் எழுதித் திருத்தி வருகின்றனர். பங்களித்தோரின் பெயர்களைக் கையேட்டின் தொடக்கப் பக்கங்களிலேயே காணலாம்.

அடுத்து, கையேட்டின் ஓர் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, அதில் உள்ளதை உள்ளபடியே செய்து பாருங்கள். உங்களுக்குத் தெரிந்ததைக் கொண்டு இடைவெளியை நிரப்பிக் கொள்ளாதீர்கள். 'இந்தப் பொத்தானை அழுத்துக' என்று எழுதியிருந்து, திரையில் அப்படியொரு பொத்தான் இல்லையென்றால் அதனைக் குறித்துக் கொள்ளுங்கள். ஒரு படி விடுபட்டிருந்தால், விளங்காத சொல் ஒன்று விளக்கமின்றி வந்தால், படத்தில் இருப்பதும் திரையில் இருப்பதும் வேறுபட்டால், அவற்றையும் குறித்துக் கொள்ளுங்கள். எந்தப் பதிப்பில், எந்த நாளில் பார்த்தீர்கள் என்பதும் அவசியம். இந்தக் குறிப்புகளே உங்கள் முதற் பங்களிப்பாகும்.

மூன்றாவதாக, அக்குறையை வேறெவரேனும் முன்பே தெரிவித்திருக்கிறார்களா என்று திட்டத்தின் பிழைப் பட்டியலில் தேடிப் பாருங்கள். இல்லையெனில் நீங்கள் தெரிவியுங்கள். 'கையேடு சரியில்லை' என்று எழுதினால் எவருக்கும் பயனில்லை. 'இன்ன பக்கத்தில் மூன்றாம் படியைச் செய்தேன். இது நடக்கும் என்று எழுதியிருந்தது. நடந்தது இது' என்று எழுதினால், படிப்பவர் உடனே திருத்த முடியும்.

நான்காவதாக, திருத்தத்தை நீங்களே எழுதி அனுப்பலாம். பெரும்பாலான திட்டங்கள் இதற்குக் 'கிட்' என்னும் கருவியைப் பயன்படுத்துகின்றன. 2005ஆம் ஆண்டு லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய இக்கருவி, யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பதைக் கணக்குப்பிள்ளையைப் போல் எழுதி வைத்துக் கொள்ளும். இதனைக் கற்க ஓரிரு வாரங்கள் போதும். முதல் திருத்தம் ஓர் எழுத்துப் பிழையாகவோ, விடுபட்ட ஒரு வரியாகவோ இருக்கட்டும். முழு அதிகாரத்தையும் மாற்றி எழுதி அனுப்பினால், அதனைச் சரிபார்க்க அங்கே எவருக்கும் நேரம் இராது.

அனுப்பிய திருத்தம் உடனே ஏற்கப்படும் என்று எதிர்பார்க்கலாகாது. பேணுபவர் அதனைப் படித்து, 'இந்தச் சொல்லை மாற்றுக', 'இதனைச் சோதித்தீரா?' என்றெல்லாம் கேட்பார். சில வேளைகளில் வாரக்கணக்கில் மறுமொழியே வராது. அவரும் தம் வேலைக்கும் குடும்பத்திற்கும் இடையே நேரம் ஒதுக்கிச் செய்பவரே. ஆகவே, திருத்தச் சொன்னதை அவமதிப்பாகக் கருதாமல் செய்து அனுப்புங்கள். நன்கு எழுதுபவர்கள் யாவரும் இவ்வாறு திருத்தப்பட்டு வளர்ந்தவர்களே.

எழுத்தின் ஒழுங்கு

கையேட்டு நடைக்குச் சில ஒழுங்குகள் உண்டு. ஒரு வாக்கியத்தில் ஒரு செயலை மட்டும் சொல்லுங்கள். ஒரு பொருளுக்கு முதற் பக்கத்தில் எந்தப் பெயரைச் சொன்னீர்களோ, இறுதிவரை அதே பெயரைச் சொல்லுங்கள். கட்டுரையில் சொல்லை மாற்றி மாற்றிக் கையாள்வது அழகு; கையேட்டில் அது குழப்பம். 'கோப்பு' என்று தொடங்கி, நடுவில் 'ஆவணம்' என்று எழுதினால், இவை இரண்டும் வெவ்வேறு போலும் என்று புதியவர் எண்ணிவிடுவார். 'மிக எளிது' என்று எங்கும் எழுதாதீர்கள். அவருக்கு அது கடினமாக இருந்தால், குறை தம்மிடமே என்று மனம் நொந்துவிடுவார். தரவுகளை அழித்துவிடக்கூடிய கட்டளை ஏதேனும் வருமானால், எச்சரிக்கையை அக்கட்டளைக்கு முன்னரே எழுதுங்கள். அடுப்பைத் தொட்ட பின் 'சுடும்' என்று சொல்வதில் பயனில்லை.

யாவற்றிலும் முதன்மையானது, தாம் செய்து பார்க்காததை எழுதாதிருத்தல். இன்று கேட்டவுடன் பக்கம் பக்கமாக எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. அவை எழுதுவது படிப்பதற்குச் சரளமாக இருக்கும். ஆனால் இல்லாத பொத்தானையும் இருப்பதாக எழுதிவிடும். 2024ஆம் ஆண்டில் ஜென்டூ, நெட்பிஎஸ்டி ஆகிய திட்டங்கள் இவ்வகைக் கருவிகள் எழுதியவற்றைப் பங்களிப்பாக ஏற்பதில்லை என்று விதி வகுத்தன. வேறு திட்டங்களின் விதிகள் வேறாக இருக்கலாம். எழுதுமுன் அவற்றைப் படித்துக் கொள்வது நம் கடமை. அவ்வாறே, பிறர் எழுதிய நூலிலிருந்து பத்திகளை எடுத்துச் சேர்ப்பதும் கூடாது. உங்கள் எழுத்து எவரும் பயன்படுத்தும் உரிமையோடு வெளியாகப் போவதால், நமக்கு உரிமையில்லாத ஒன்றை நாம் அங்கே வழங்க முடியாது.

பெண்மக்கள் கவனத்திற்கு

வீட்டிலிருந்தபடியே, கிடைத்த நேரத்தில் செய்யக்கூடிய பணி இது. பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றபின் கிடைக்கும் அரைமணி நேரமும் இதற்குப் போதுமானது. ஆயினும் ஒன்றை முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும். கிட் கருவியின் பதிவில் இடம்பெறும் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் உலகின் பார்வைக்கு வருபவை. பின்னர் அழிப்பதும் அரிது. ஆகவே சொந்த முகவரியைத் தவிர்த்து, இப்பணிக்கெனத் தனி முகவரி ஒன்றை வைத்துக் கொள்ளுங்கள். கிட்ஹப் தளத்தில் உண்மையான முகவரியை மறைத்து மாற்று முகவரி அளிக்கும் வசதியும் உண்டு. எந்தப் பெயரில் எழுதுவது என்பதையும் முதலிலேயே முடிவு செய்து கொள்வது நல்லது. கைப்பேசி எண்ணையோ வீட்டு முகவரியையோ எங்கும் தர வேண்டியதில்லை.

இதனால் உடனடியாகப் பணம் வரும் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். பங்களிப்பதற்குக் கட்டணம் செலுத்துமாறு கேட்டால் அங்கிருந்து விலகிவிடுங்கள். எனினும், காலப்போக்கில் பயன் உண்டு. தொழில்நுட்பக் கையேடுகள் எழுதுவதற்கென்றே நிறுவனங்களில் 'டெக்னிக்கல் ரைட்டர்' என்னும் பதவி இருக்கிறது. அப்பதவிக்கு விண்ணப்பிப்பவர், 'இவை நான் எழுதிய பக்கங்கள். இவை ஏற்கப்பட்ட திருத்தங்கள்' என்று எடுத்துக் காட்ட முடிந்தால், அதற்கு மேல் சான்று தேவைப்படாது.

தமிழுக்குச் செய்யும் பணி

கையேடுகளில் பெரும்பகுதி ஆங்கிலத்திலேயே உள்ளது. ஆங்கிலம் தடையாக இருப்பதாலேயே, ஆற்றலிருந்தும் ஒதுங்கி நிற்கும் பிள்ளைகள் நம் ஊர்களில் எத்தனை பேர்! இந்தக் குறையைப் போக்கத் தமிழில் சிலர் முன்பே உழைத்து வருகின்றனர். 2012ஆம் ஆண்டு தொடங்கிய 'கணியம்' என்னும் மின்னிதழ், கட்டற்ற மென்பொருள்களைப் பற்றிய கட்டுரைகளையும், எளிய தமிழில் எழுதப்பெற்ற நூல்களையும் விலையின்றி வழங்கி வருகிறது. லிப்ரே ஆபீஸையும் தமிழில் பயன்படுத்தலாம். அதன் திரையில் வரும் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் யாரோ ஒருவர் அமர்ந்து சிந்தித்து எழுதியிருக்கிறார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

செய்ய வேண்டியவை இன்னும் ஏராளம். முழு நூல் எழுத வேண்டும் என்பதில்லை. தமிழில் தட்டச்சு செய்வதற்குக் கணிப்பொறியை ஆயத்தப்படுத்துவது எப்படி என்று, ஒவ்வொரு படியையும் சோதித்துப் பார்த்து இரண்டு பக்கம் எழுதினாலும் போதும். அதனைக் கொண்டு முன்பின் அறியாத ஒரு மாணவி தன் வேலையைத் தொடங்கிவிடுவாள். அவள் உங்கள் பெயரை அறியப் போவதில்லை. தடுமாறாமல் வழி நடந்துவிட்டவர்கள், அங்கிருந்த கல்லை அகற்றியவர் யார் என்று வினவுவதும் இல்லை.

இவ்வாரம் ஏதேனும் ஒரு மென்பொருளைப் புதிதாகக் கற்கத் தொடங்குவீர்களாயின், பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக் கொள்ளுங்கள். எங்கே தடுமாறினீர்கள், எதைச் செய்தபின் அது சரியாயிற்று என்பதை அன்றன்றே எழுதி வாருங்கள். மூன்று மாதம் கழித்து அது உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம். ஆனால் அன்றுதான் முதல் நாளாகக் கற்கத் தொடங்கும் இன்னொருவருக்கு, அந்த நோட்டில் உள்ளதே கையேடாகும்.